வடசென்னைக் காற்றை லேசரால் அளப்பது: லைடார் முழுமையான வழிகாட்டி

மணலி, கொடுங்கையூர், ராயபுரம் மூன்று இடங்களிலும் தானியங்கிக் காற்றுத் தர நிலையங்கள் இருக்கின்றன. நுண்துகள் எவ்வளவு, கந்தக டை ஆக்சைடு எவ்வளவு என்று நாள் முழுக்க எண்கள் வந்துகொண்டே இருக்கும். அத்தனையும் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் உறிஞ்சிய காற்றுக்கு உரியவை. அத்திப்பட்டுப் பக்கம் 275 மீட்டர் புகைபோக்கியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்ட புகை இப்போது எந்த உயரத்தில் மிதக்கிறது, எத்தனை மணிக்கு எங்கே கீழே இறங்கும் என்பது அந்த எண்களில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள மேல்நோக்கி அளக்கும் கருவி வேண்டும். லேசர் ரேடார், அதாவது லைடார், அந்த வேலைக்கு உரியது.

லைடார் பாடங்கள் பெரும்பாலும் 10, 20 கிலோமீட்டர் உயரத்தைப் பற்றியே பேசும். வடசென்னைக்கு முக்கியம் அடியில் இருக்கும் 500 மீட்டர்தான். வழக்கமான லைடாருக்குக் கண் தெரியாத பகுதியும் சரியாக அதுவேதான். கருவி வாங்குவதிலிருந்து கணக்குப் போடுவதுவரை இந்த வழிகாட்டியில் வரும் யோசனைகள் பெரும்பாலும் அந்த ஒரு சிக்கலைச் சுற்றியே இருக்கும்.

முதலில் அடிப்படை

லேசர் ஒளியை மிகக் குறுகிய துடிப்பாக வானில் அனுப்புகிறோம். வழியில் இருக்கும் தூசு, உப்புத் துகள், புகை, மேகத்துளி, காற்று மூலக்கூறுகள் எல்லாம் அதில் துளியூண்டு ஒளியைத் திருப்பி அனுப்பும். பின்சிதறல் என்கிறோம். அதை ஒரு டெலஸ்கோப் பிடித்து உணரியில் விழ வைக்கும். போகவும் வரவும் எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம்: ஒரு மைக்ரோவினாடி என்றால் 150 மீட்டர். 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 67 மைக்ரோவினாடி போதும்.

சென்னைத் துறைமுகத்தில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் 2002 முதல் இருக்கிறது. தத்துவம் ஒன்றுதான், அலைநீளம் வேறு. அதன் அலை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், அதனால் மழைத்துளியை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்தே பார்த்துவிடும். ஒரு மைக்ரானுக்கும் குறைவான புகைத்துகளை அதனால் பார்க்க முடியாது. லைடாரின் பச்சை லேசர் 532 நானோமீட்டர், துகளின் அளவை ஒட்டிய அலைநீளம். அதனால் தூசு தெரியும். பதிலுக்கு, கனமான மேகம் வந்தால் லைடார் அதைத் துளைத்து மேலே பார்க்காது.

லேசர் பிறந்தது 1960இல். 1963இலேயே அமெரிக்காவில் ஃபியோக்கோவும் ஸ்மல்லினும் ரூபி லேசரை வானில் அடித்து மேல் வளிமண்டல அடுக்குகளிலிருந்து எதிரொளி பெற்றார்கள். நமக்குப் பக்கத்தில், திருப்பதி அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1998 முதல் இந்திய-ஜப்பானிய லைடார் இயங்கியது. இந்தத் துறையில் இறங்க நினைக்கும் மாணவர்கள் காதங்கி ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம். நம் பக்கத்து வானம், நம் பருவமழை. ஐரோப்பியக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இங்கே வந்து திணற வேண்டியிருக்காது.

படி 1: எதை அளக்கப் போகிறீர்கள்?

"வளிமண்டலத்தை அளக்க வேண்டும்" என்று சொல்லிக் கருவி வாங்கினால் காசு வீண். லைடாரில் பல வகை உண்டு.

மீள் சிதறல் லைடார்: அனுப்பிய நிறத்திலேயே திரும்பும் ஒளியைப் பிடிக்கும். தூசு, புகை, மேக அடிப்பகுதி, கலவை அடுக்கின் (தரையை ஒட்டி, காற்று நன்றாகக் கலக்கும் அடுக்கின்) உயரம் கிடைக்கும். எளியது, முதல் கருவியாக இருக்க வேண்டியது.

போலரைசேஷன் சேர்த்த லைடார்: நேர்கோட்டில் போலரைஸ் ஆன, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதில் எவ்வளவு குறுக்குத் திசைக்கு மாறியிருக்கிறது என்று பார்ப்பது. உருண்டையான துளி என்றால் மாற்றம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். கோணல்மாணலான மண்தூசு 0.2 முதல் 0.35 வரை காட்டும். கூடுதல் செலவு அதிகமில்லை, கிடைக்கும் தகவல் அதிகம். இதை விட்டுவிடாதீர்கள்.

ராமன் லைடார்: 355 நானோமீட்டரில் அனுப்பினால் நைட்ரஜனிடமிருந்து 387இலும் நீராவியிடமிருந்து 408 நானோமீட்டரை ஒட்டியும் ஒளி திரும்பும். இரண்டின் விகிதம் ஈரப்பதத்தின் உயரவாரியான படத்தைக் கொடுக்கும். சமிக்ஞை மிக மெலிது, பெரும்பாலும் இரவு வேலை.

டாப்ளர் லைடார்: காற்றின் வேகத்துக்கு.

வேற்றுமை உறிஞ்சல் லைடார்: குறிப்பிட்ட வாயுவுக்கு. அந்த வாயு நன்றாக உறிஞ்சும் அலைநீளம் ஒன்று, உறிஞ்சாதது ஒன்று, இரண்டையும் அனுப்பி வித்தியாசம் பார்ப்பது. கந்தக டை ஆக்சைடுக்கு 300 நானோமீட்டரை ஒட்டிய புறஊதா. ஆரம்பத்திலேயே இதில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு அலைநீளங்களையும் நிலையாக வைத்திருப்பதே தனி ஆராய்ச்சி.

ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அன்று பக்கத்தில் ஒரு 532 நானோமீட்டர் தூசு லைடார் இருந்திருந்தாலும் அமோனியா வாயுவை அது காட்டியிருக்காது. "லைடார் வைத்தால் கசிவு தெரியும்" என்று யாராவது விற்க வந்தால், எந்த வாயு, எந்த அலைநீளம் என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

என்னைக் கேட்டால் வடசென்னைக்கு முதல் கருவி போலரைசேஷன் உள்ள மீள் சிதறல் லைடார். இரண்டாவது டாப்ளர். இந்த இரண்டும் சேர்ந்தால் புகை எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வரும்.

படி 2: கண் தெரியாத உயரத்தைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டுகிறார்கள். லேசர் ஒரு குழாய் வழியாக வெளியே போகிறது, டெலஸ்கோப் பக்கத்தில் நிற்கிறது. லேசர் கற்றை டெலஸ்கோப்பின் பார்வைக் கூம்புக்குள் முழுவதுமாக நுழையும்வரை சமிக்ஞை அரைகுறைதான். இதை ஓவர்லாப் என்கிறார்கள்.

ஒரு சாதாரண கல்லூரி லைடாரை எடுத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் டெலஸ்கோப், அதன் மையத்திலிருந்து லேசர் அச்சு 25 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டும் இணையாக. கற்றையின் ஆரம்ப ஆரம் 1 சென்டிமீட்டர். டெலஸ்கோப்பின் பார்வைக் கோணம் 1 மில்லிரேடியன் (ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் விரியும் கோணம்), லேசர் விரிவு 0.3 மில்லிரேடியன். கற்றையின் வெளி ஓரம் கூம்புக்குள் வரவேண்டிய தூரம் 0.25 + 0.01 − 0.10, அதாவது 0.16 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு இடைவெளி குறைவது, கோணங்களின் பாதி வித்தியாசமான 0.35 மில்லிரேடியன் கணக்கில். 0.16ஐ 0.00035ஆல் வகுத்தால் 457 மீட்டர்.

அதாவது முழுச் சமிக்ஞை தொடங்குவதே 457 மீட்டரில். இந்தியாவில் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல் மின் அலகுகளுக்கு விதிக்கப்பட்ட புகைபோக்கி உயரம் 275 மீட்டர். நீங்கள் பார்க்க வந்த புகை உங்கள் குருட்டுப் பகுதிக்குள் உட்கார்ந்திருக்கிறது!

தப்பிக்க மூன்று வழி. பார்வைக் கோணத்தை 3 மில்லிரேடியனாக விரித்தால் இந்தத் தூரம் 119 மீட்டராகக் குறையும். ஆனால் உள்ளே வரும் வான வெளிச்சம் ஒன்பது மடங்கு ஆகும், பகல் அளவீடு பாழ். இரண்டாவது, ஒரே லென்ஸ் வழியாக அனுப்பி அதே லென்ஸ் வழியாக வாங்கும் சீலோமீட்டரைப் பக்கத்தில் வைப்பது. விமான நிலையங்களில் மேக உயரம் பார்க்க வைத்திருக்கும் கருவி இந்த வகையைச் சேர்ந்தது. அடிப்பகுதியை நன்றாகப் பார்க்கும். ஒரு எச்சரிக்கை: இவற்றில் பல 910 நானோமீட்டரை ஒட்டி வேலை செய்பவை. அந்த இடத்தில் நீராவி ஒளியை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குத் திருத்தம் போடாமல் துகள் அளவு கணக்கிட்டால் தவறும். அடுக்கின் உயரம் மட்டும் போதும் என்றால் பரவாயில்லை. 1064 நானோமீட்டர் மாதிரிகளில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: சாய்த்து அளப்பது. அதே கருவியைத் தரையிலிருந்து 10 பாகை கோணத்தில் வைத்தால், 457 மீட்டர் சாய்தூரம் என்பது 79 மீட்டர் உயரம்தான். 15 பாகையில் 118 மீட்டர். தூரத் துல்லியம் 7.5 மீட்டர் என்றால் 10 பாகையில் உயரத் துல்லியம் 1.3 மீட்டர் ஆகிவிடும். மெல்லிய புகைப் படலத்தைக்கூடத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

சாய்க்கும்போது திசை முக்கியம். கிழக்கு மேற்காகச் சாய்த்தால் கற்றையின் ஒரு பகுதி கடல் மேல், மறு பகுதி ஊர் மேல். இரண்டும் வேறு வேறு காற்று. அதைப் போய் "உயரம் மாற மாறத் துகள் மாறுகிறது" என்று படித்துவிடுவோம். கரையை ஒட்டி வடக்கு தெற்காகச் சாய்த்தால் முழுக் கற்றையும் கடலிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும்.

படி 3: இடம்

திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி கிடைத்தால் நல்லது. தரைத்தளம் வேண்டாம். மழைக்காலத்தில் வியாசர்பாடியும் கொருக்குப்பேட்டையும் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளியிருங்கள். லாரி போனால் கட்டடம் அதிர்வது உங்களுக்குத் தெரியாது, அரை மில்லிரேடியன் அளவில் சீரமைத்த டெலஸ்கோப்புக்குத் தெரியும். கருவியின் கால்களை மாடித் தளத்தின் நடுவில் ஊன்றாமல் தூண் மேல் வரும் இடத்தில் ஊன்றுங்கள்.

மின்சாரம் போய்ப் போய் வரும் தெரு என்றால் யுபிஎஸ் கட்டாயம். லேசரைவிட அதன் குளிர்விப்பானுக்குத்தான் திடீர் மின்வெட்டு ஆகாது.

அப்புறம் உப்பு. கடற்கரையிலிருந்து சில நூறு மீட்டரில் கண்ணாடிச் சன்னல் மேல் மெல்லிய உப்புப் படலம் படிந்துகொண்டே இருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கரைய விடுங்கள், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த லென்ஸ் காகிதத்தால் ஒரே திசையில் இழுங்கள். கண்ணாடியைச் சற்றுச் சரிவாகப் பொருத்தினால் மழைநீர் வழிந்துவிடும், லேசர் அதில் பட்டு உள்ளே எதிரொளிப்பதும் குறையும். விடியற்காலைப் பனி படியாமல் இருக்கக் கண்ணாடி ஓரத்தில் சிறு சூடேற்றியும் ஊதுவிசிறியும் வையுங்கள்.

படி 4: பாதுகாப்பும் அனுமதியும்

சக்தி வாய்ந்த பச்சை லேசர் நான்காம் வகுப்பு. நேராகக் கண்ணில் பட்டால் விழித்திரை போய்விடும், சிதறி வரும் ஒளிகூட அருகில் ஆபத்து. வீடுகள் நெருக்கமான பகுதியில் சாய்த்து அடிப்பது என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

10 பாகை சாய்வில் 100 மீட்டர் தள்ளி கற்றை உங்கள் மாடியைவிட 17 மீட்டருக்கும் மேலே இருக்கும். ஆள் தலைக்கு மேல்தான், ஆனால் சுற்றிலும் இருக்கும் உயரமான கட்டடம், செல்போன் கோபுரம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து, அந்தத் திசைகளில் கருவி திரும்பவே முடியாதபடி இயந்திரத் தடை போடுங்கள். மென்பொருள் தடையை மட்டும் நம்பாதீர்கள். இன்னொன்று, விடுமுறை நாளில் மொட்டை மாடிகளில் பையன்கள் காத்தாடி விடுவார்கள். காத்தாடி உயரே போகும், அதோடு சேர்ந்து பார்வையும் உயரே போகும். அந்த நேரங்களில் சாய்வு அளவீட்டை நிறுத்துங்கள். (தரவில் காத்தாடியும் காகமும் ஒரே மாதிரி தெரியும்: ஒரே ஒரு தூரத்தில், ஒரே ஒரு நிமிடத்தில் கூர்மையான முள்.)

ஆளுக்கு ஆபத்தில்லாத மாற்று உண்டு. வினாடிக்கு 2,500 துடிப்பு, ஒவ்வொன்றிலும் சில மைக்ரோஜூல் மட்டும், கற்றையையும் அகலமாக விரித்து அனுப்பும் சிறுதுடிப்பு லைடார்கள். நெருக்கமான பகுதிக்கு இவை பொருந்தும். அவற்றின் பார்வைக் கோணம் மிகக் குறுகல் என்பதால் ஓவர்லாப் சில கிலோமீட்டர்வரை நீளும், அகலக் கோண உணரி ஒன்றைக் கூடவே கேட்டு வாங்குங்கள்.

வானில் லேசர் அடிக்கும் முன் விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடம் இடம், திசை, நேரம், சக்தி எல்லாம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மீனம்பாக்கம் தூரம்தானே என்று விட வேண்டாம், விமானங்கள் நம் தலைக்கு மேலும் போகின்றன. துறைமுகம், அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை இருக்கும் பகுதி என்பதால் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இரவில் வானத்தில் பச்சைக் கோடு தெரிந்தால் முதலில் போன் போகும் இடம் அதுதான்.

படி 5: சீரமைப்பும் சோதனையும்

டெலஸ்கோப்புக்குப் பின்னால் அரை நானோமீட்டர் அகல வடிகட்டி, அதன் பின் ஃபோட்டோமல்டிப்ளையர் (மிக மெலிந்த ஒளியையும் உணரும் உணரி), பிறகு ஃபோட்டான் எண்ணி. நேரப் பெட்டி 50 நானோவினாடி, அதாவது 7.5 மீட்டர்.

சீரமைப்பு இரவில், மேகமில்லாத நாளில். லேசரைச் சிறிது சிறிதாகச் சாய்த்து 3 முதல் 5 கிலோமீட்டரிலிருந்து வரும் சமிக்ஞை உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு நான்கு சோதனைகள்.

இருட்டுச் சோதனை: டெலஸ்கோப்பை மூடி, லேசரை மட்டும் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். லேசர் மின்சுற்றிலிருந்து வரும் இரைச்சல் இதில் தெரியும். பிறகு வரும் ஒவ்வொரு பதிவிலிருந்தும் இதைக் கழிக்க வேண்டும்.

பூஜ்யத் தூரம்: துடிப்பு உண்மையில் கிளம்பிய நேரமும் எண்ணி தொடங்கிய நேரமும் ஒன்றா? 100 நானோவினாடி பிசகினால் 15 மீட்டர் பிசகும். மேல் வளிமண்டலம் பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லை, 150 மீட்டரில் புகை தேடும் நமக்கு நிறைய. ஒளியை நன்றாகக் குறைத்து, நாடா வைத்து அளந்த தூரத்தில் இருக்கும் உங்கள் சொந்தச் சுவரில் அடித்துச் சரிபாருங்கள்.

கால்பகுதிச் சோதனை: டெலஸ்கோப்பின் வாயை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கால்பகுதியை மட்டும் திறந்து அளந்து ஒப்பிடுவது. எந்த உயரத்திலிருந்து நான்கும் ஒரே வடிவத்துக்கு வருகின்றனவோ, அதற்கு மேல்தான் உங்கள் ஓவர்லாப் முழுமை. படி 2இல் போட்ட கணக்கோடு இது ஒத்துவர வேண்டும். வராவிட்டால் அச்சு இணையாக இல்லை.

மூலக்கூறுச் சோதனை: தூசு இல்லாத உயரத்தில் திரும்புவது காற்று மூலக்கூறு ஒளி மட்டும். அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்தால் அது எப்படிக் குறைய வேண்டும் என்று கணக்கிடலாம். மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை விடும் பலூன் அந்த எண்களைக் கொடுக்கும். நம் நேரம் காலை 5.30, மாலை 5.30 கணக்குக்கு உரிய இரண்டு பறப்புகள், இணையத்தில் இலவசம். கோடு ஒத்துப்போகாவிட்டால் மேலே எதையும் நம்பாதீர்கள். அந்தப் பலூன் தரவு நகரின் தென்மேற்கில், உள்நாட்டுப் பக்கம் எடுத்தது என்பதையும் மறக்காதீர்கள். 3 கிலோமீட்டருக்கு மேல் கவலையில்லை, ஆனால் கடற்காற்று வீசும் மாலையில் அடி 500 மீட்டர் எண்ணூரில் வேறாக இருக்கும்.

சென்னைக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. நாம் 13 பாகை வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் 25ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல். செங்குத்தாக நிற்கும் டெலஸ்கோப் அப்போது சூரியனையே உணரியில் குவித்துவிடும், ஃபோட்டோமல்டிப்ளையர் ஒரே நொடியில் காலி. கடிகாரத்தில் அது 12.05 முதல் 12.15க்குள் வரும். அந்த வாரங்களில் 11.30 முதல் 12.45 வரை தானாக மூடும் மூடி போடுங்கள், அல்லது கருவியை வடக்கே சாய்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் செய்த கருவியின் கையேட்டில் இந்த எச்சரிக்கையைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அவர்கள் ஊரில் சூரியன் தலைக்கு மேல் வருவதே இல்லை.

படி 6: கணக்கு

பைத்தான் தெரிந்தால் போதும். வரிசை மாறக் கூடாது.

முதலில் எண்ணியின் தடுமாற்றத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு ஃபோட்டானை எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்தால் அது விட்டுப்போகும். விடும் நேரம் 4 நானோவினாடி, எண்ணிய வேகம் வினாடிக்கு 2 கோடி என்றால், உண்மையான வேகம் ஏறத்தாழ 2.17 கோடி. அடிப்பகுதியில்தான் ஃபோட்டான் குவியும், ஆகவே பிழையும் அங்கேதான் அதிகம். அடுத்து வான வெளிச்சத்தைக் கழியுங்கள். துடிப்பு எட்டாத உயரத்தில், 50 கிலோமீட்டருக்கு அப்பால், பதிவாகும் சராசரிதான் அது. பிறகு ஒவ்வொரு புள்ளியையும் தூரத்தின் இருமடியால் பெருக்குங்கள், ஓவர்லாப் வளைவால் வகுங்கள்.

சராசரி எத்தனை நிமிடத்துக்கு? 100 ஃபோட்டான் எண்ணினால் பிழை 10 சதவீதம், 10,000 எண்ணினால் 1 சதவீதம். வினாடிக்கு 20 துடிப்பு அடிக்கும் லேசரில் ஒரு நிமிடம் 1,200 துடிப்பு. அடி 500 மீட்டருக்கு ஒரு நிமிடம் ஏராளம். 6 கிலோமீட்டரில் மூலக்கூறு ஒளியோடு ஒப்பீடு வேண்டும் என்றால் அரை மணி நேரத்தைச் சேருங்கள்.

இதுவரை வந்தது வடிவம் மட்டும். ஒளியிழப்பு, அதாவது வழியில் சிதறியும் உறிஞ்சப்பட்டும் போகும் ஒளி, எவ்வளவு என்ற எண் வேண்டுமென்றால் க்ளெட்-ஃபெர்னால்ட் முறை வேண்டும். க்ளெட் 1981இலும் ஃபெர்னால்ட் 1984இலும் எழுதிய தீர்வு. தூசில்லாத ஓர் உயரத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிக் கணக்கிடும். சிக்கல் எங்கே என்றால், ஒரே சமன்பாட்டில் தெரியாதவை இரண்டு: பின்சிதறலும் ஒளியிழப்பும். ஒளியிழப்பைப் பின்சிதறலால் வகுத்து வரும் விகிதத்தை, லைடார் விகிதத்தை, நாம்தான் ஊகித்துக் கொடுக்க வேண்டும். கடல் உப்புக்கு 20 முதல் 30. நகரப் புகைக்கு 50 முதல் 70. மண்தூசுக்கு 40 முதல் 55.

எண்ணூரில் இது கழுத்தைப் பிடிக்கும். காலையில் நிலக்காற்றில் புகை, மதியம் கடற்காற்றில் உப்பு, மாலையில் இரண்டும் கலந்து. நாள் முழுக்க 50 என்று வைத்துக் கணக்கிட்டால் மதிய எண் இருமடங்கு பிசகலாம். சூரிய ஒளிமானி ஒன்று பக்கத்தில் இருந்தால் மொத்த ஒளியிழப்பை அது சொல்லும், அதற்கு ஒத்துவரும்படி விகிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் 25, 45, 65 என மூன்றுக்கும் கணக்கிட்டு, விடையை ஒரு எண்ணாகச் சொல்லாமல் வரம்பாக எழுதுங்கள்.

படி 7: படத்தைப் படிப்பது

குறுக்கே நேரம், நெடுக்கே உயரம், நிறத்தில் சமிக்ஞை. வடசென்னைப் படத்தில் தேட வேண்டியவை சில உண்டு.

ஜனவரி விடியற்காலையில் தரையை ஒட்டி அடர்த்தியான படலம், நூறு இருநூறு மீட்டரில் சட்டென்று முடியும். குளிர்ந்த தரைக்காற்று மேலே வெப்பக் காற்றால் மூடப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே தனியாக ஒரு மெல்லிய நாடா மிதந்தால், அது உயரமான புகைபோக்கியிலிருந்து வந்ததாக இருக்கலாம். அந்த நேரத்தில் தரை நிலையத்தின் எண்ணில் அது சேராது. வெயில் ஏறியதும் தரைக் கலவை அடுக்கு மேலே வளர்ந்து நாடாவைத் தொடும். தொட்ட கொஞ்ச நேரத்தில் புகை மொத்தமாகக் கீழே கலக்கும். படத்தில் நாடா அறுந்து, அதன் கீழே நிறம் கூடும். அதே நேரத்தில் தரை நிலையத்தில் கந்தக டை ஆக்சைடு ஏறினால் உங்கள் ஊகம் உறுதி.

கோடைப் பிற்பகல் கதை வேறு. கடற்காற்று உள்ளே வரும்போது கரையிலிருந்து தொடங்கி உள்நோக்கி ஒரு புதிய கலவை அடுக்கு வளரும். தோராயமாக அதன் உயரம், கரையிலிருந்து தூரத்தின் வர்க்கமூலத்தைப் போல நான்கு மடங்கு, இரண்டுமே மீட்டரில். ஒரு கிலோமீட்டர் உள்ளே 126 மீட்டர், ஐந்து கிலோமீட்டர் உள்ளே 283 மீட்டர். 275 மீட்டரிலிருந்து கிளம்பிய புகை கரையருகே இந்த அடுக்குக்கு மேலே, யாரையும் தொடாமல் போகும். சூடான புகை இன்னும் கொஞ்சம் மேலே எழும்பும் என்பதால், ஐந்து கிலோமீட்டரையும் தாண்டித்தான் அடுக்கு அதை எட்டிப் பிடிக்கும். தென்கிழக்குக் காற்றில் அந்த இடம் மீஞ்சூர் பக்கமாக விழலாம், வாடைக்காற்று நாளில் மணலி பக்கமாக. புகைபோக்கி அடியில் நிற்பவருக்கு இருமல் வராமல் பல மைல் தள்ளி இருப்பவருக்கு வருவதன் கணக்கு இது. லைடார் ஒரே இடத்தில் நின்றாலும், அடுக்கு உயரத்தை நேரடியாக அளந்து அந்த நான்கு மடங்கை உங்கள் பகுதிக்குச் சரிசெய்து கொடுக்கும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு எண்ணுக்காகவே எண்ணூரில் லைடார் வைக்கலாம்.

இரண்டு பொறிகள். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் நீரை உறிஞ்சி வீங்கும், சமிக்ஞை எகிறும், ஆனால் துகளின் உலர் எடை ஏறியிருக்காது. தரை நிலையங்கள் காற்றைச் சூடாக்கி உலர்த்திவிட்டு எடை பார்ப்பவை. லைடார் ஏறி, மணலி எண் ஏறாவிட்டால் முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள், கருவியைக் குறை சொல்லாதீர்கள். இன்னொன்று சாம்பல். அனல் மின் நிலையச் சாம்பலில் பெரும்பகுதி கண்ணாடி போன்ற உருண்டைகள். போலரைசேஷன் மாற்றம் குறைவாகத்தான் இருக்கும். "மாற்றம் இல்லை, ஆகவே சாம்பல் இல்லை" என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும். சாலைத்தூசும் கட்டுமானத் தூசும்தான் உயர்ந்த மாற்றம் காட்டும்.

படி 8: காற்றின் வேகம்

டாப்ளர் லைடார் பெரும்பாலும் 1.5 மைக்ரான் அகச்சிவப்பில் வேலை செய்யும். கண்ணுக்கு ஆபத்து குறைவு. 1.55 மைக்ரானில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் திரும்பும் ஒளியின் அதிர்வெண்ணில் 1.29 மெகாஹெர்ட்ஸ் மாற்றம் தரும். கற்றையைச் சுற்றிலும் ஆறு திசையில் 75 பாகை உயரத்தில் காட்டி, கூடவே ஒரு முறை செங்குத்தாகக் காட்டினால் காற்றின் திசை, வேகம், மேலேறும் வேகம் மூன்றும் கிடைக்கும். கடற்காற்று நுழையும் நிமிடம் அதில் பளிச்சென்று தெரியும்: அடியில் திசை கிழக்குக்குத் திரும்பும், மேலே இன்னும் மேற்குக் காற்றே வீசிக்கொண்டிருக்கும். காசிமேட்டில் படகு கட்டுபவரிடம் மேற்குக் காற்றான கச்சான் எப்போது ஓய்ந்தது என்று கேட்டு உங்கள் தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துவரும்.

கருவி இல்லையென்றால்

செயற்கைக்கோள் லைடார் தரவு இலவசம். காலிப்சோ 2006 முதல் 2023 வரை 532, 1064 நானோமீட்டரில் பதிவு செய்தது. 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் 355 நானோமீட்டரில் அளக்கிறது. கணக்கு பழக இவை அருமை. மேலிருந்து பார்ப்பதால் அடி சில நூறு மீட்டர் மங்கலாக இருக்கும், கோடும் எண்ணூர் மேலேயே விழ வேண்டும் என்றில்லை.

முதல் அளவீடாக ஒரு போகி

2018 போகியன்று புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டன. லைடாருக்கு இதைவிட நல்ல தேர்வு நாள் இல்லை: மூலம் தரையில், நேரம் தெரிந்தது, காற்றும் அசையாது.

முந்தைய மாலை ஆறு மணிக்கே தொடங்குங்கள், புகையில்லா இரவு ஒப்பீட்டுக்கு வேண்டும். பத்து நிமிடம் செங்குத்து, பத்து நிமிடம் வடக்கே 10 பாகை சாய்வு, மாற்றி மாற்றி. விடியற்காலை மூன்று மணியிலிருந்து சாய்வை மட்டும் வையுங்கள். புகை அடர்ந்தால் ஒளி சீக்கிரம் தீர்ந்துபோகும். 6 கிலோமீட்டரில் ஒப்பீட்டுப் புள்ளி கிடைக்காது, க்ளெட்-ஃபெர்னால்ட் கணக்கு நிற்காது. அந்த மணிநேரங்களுக்கு ஒளியிழப்பு எண் போடாமல் அடுக்கின் உயரத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல் செங்குத்தையும் சேர்த்துக்கொண்டு, படலம் கிழிந்து மேலே ஏறும் வரை விடாமல் ஓட்டுங்கள். ராயபுரம், கொடுங்கையூர் நிலையங்களின் மணிவாரி எண்களை அன்றே தரவிறக்கி அதே கோப்புறையில் போடுங்கள். கருவியை நிறுத்தியதும் கண்ணாடிச் சன்னலைக் கழுவுங்கள். கழுவும் முன்னும் பின்னும் ஒரு நிமிடம் பதிவு செய்தால், அன்று படிந்த கரி எவ்வளவு ஒளியைத் தின்றது என்பதும் கிடைத்துவிடும், இரவுத் தரவுக்கு அந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளலாம்.